வறண்ட தொட்டிக்கு ஊற்றிய தண்ணீர்

மகனே,

நீ இன்னும் பிறக்கவில்லை. நான் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறேன். நீ மகனா மகளா என்றுகூட எனக்குத் தெரியாது. கடிதம் என்றால் யாரையாவது கூப்பிட்டுத்தான் தொடங்க வேண்டும், அதனால் மகன் என்று வைத்துக்கொண்டேன். மகளாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதே. நீ வளர்ந்து பெரியவனாகி, வேலைக்கோ கல்யாணத்துக்கோ வீட்டைவிட்டுக் கிளம்பும் நாளில் இதை உன் கையில் கொடுப்பேன். அதற்கு முன்னால் கொடுக்க எனக்குத் தைரியம் வராது. நாளைக் காலை முதல் பீரியடில், வகுப்பு முழுக்க உட்கார்ந்திருக்கும்போது, நான் எழுந்து நின்று, நான் சொன்ன ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும். சொல்வேனா என்று தெரியவில்லை. புனேயில், வாகட் பகுதியில் எங்கள் ஃபிளாட்டின் டிரை பால்கனியில், வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில், வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். சமையலறைக் கதவைச் சாத்திவிட்டால் இங்கே விளக்கு எரிவது உள்ளே தெரியாது. டிசம்பர்க் குளிரில் விரல் மடங்க மாட்டேன் என்கிறது. ஒவ்வொரு தடவை லிஃப்ட் சத்தம் கேட்கும்போதும் பேனாவை மூடிவிடுகிறேன், லிஃப்டில் வருகிறவர் நேராக என்னைப் பிடிக்கத்தான் வருகிறார் என்பதுபோல.

உயிரோடு இருக்கிற எல்லோரிடமும் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. நீ ஒருவன்தான் இப்போதைக்கு என்னைத் திட்ட முடியாது. இன்னொரு காரணமும் உண்டு. அப்பாக்களும் அம்மாக்களும் சின்ன வயதில் தப்பே செய்ததில்லை என்றுதான் பிள்ளைகளிடம் சொல்கிறார்கள். எனக்கு மார்க் குறைந்தால் என் அப்பா, "எங்க காலத்துல வாத்தியார் ஒரு தடவ சொன்னா போதும், மனசுல நின்னுரும்" என்பார். போன வருடம் பெரியப்பா திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார். சாப்பிடும்போது அப்பா இதையே எடுத்துவிட, பெரியப்பாவுக்குப் புரையேறிவிட்டது. "ஏளா, ஒங்கப்பனுக்கா மனசுல நிக்கும்? பத்தாங்கிளாஸ் கணக்குல குப்புற விழுந்தவன்லா இவன்! எங்கய்யா அடிப்பாருன்னு பயந்து ரெண்டு நாளு கோழிக்கூட்டுக்குள்ள ஒளிஞ்சு கெடந்தான். கோழியே சகிக்க மாட்டாம வெளிய வந்துட்டு!" அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா ரசத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு எனக்கு அப்பாவை முன்பைவிட அதிகமாகப் பிடித்தது. ஆனால் அதை அவரே சொல்லியிருக்கலாம் என்றும் தோன்றியது. நான் அம்மாவான பிறகு நானும் அப்படித்தான் ஆகிவிடுவேன். நீ கேட்டால், "நான் உன் வயசில் எவ்வளவு நல்ல பெண் தெரியுமா" என்பேன். அப்படி ஆவதற்கு முன்னால் எழுதி வைத்துவிட வேண்டும்.

ருதுஜா என்று என் தோழி. ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். மராட்டிப் பெண். பழைய வாகட் ஊருக்குள் தகரக் கூரை போட்ட வீடு. எங்கள் சயின்ஸ் மிஸ் எங்கள் இருவருக்கும் சேர்த்துக் கொடுத்த ப்ராஜெக்ட், செடிகள் வறட்சியை எப்படித் தாங்குகின்றன என்பது. எனக்கு அது நிஜமாகவே பிடித்திருந்தது. அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நான் ஆரம்பத்திலிருந்தே திருடி என்று நினைத்துக்கொள்வாய்.

செடியால் வெயிலைக் கண்டு ஓட முடியாது. மண் காயத் தொடங்கியதும் அது முதலில் வேருக்குத்தான் தெரியும். வேர் மேலே செய்தி அனுப்பும். இலையின் அடியில் கண்ணுக்குத் தெரியாத சின்ன வாய்கள் நிறைய இருக்கின்றன. ஸ்டொமேட்டா என்று பாடத்தில் வரும். தமிழில் என்ன சொல்வார்களோ, நான் வாய் என்றே எழுதுகிறேன். செய்தி வந்ததும் அந்த வாய்கள் மூடிக்கொள்ளும். மூடினால் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே போகாது. ஆனால் காற்றும் உள்ளே வராது, சாப்பாடு தயாரிக்க முடியாது. அதாவது செடி பசியைப் பொறுத்துக்கொண்டு தாகத்தைத் தள்ளிப்போடுகிறது. இதில் இன்னொரு கஷ்டம், நமக்கு வியர்ப்பதுபோலத் தண்ணீரை ஆவியாக விட்டுத்தான் இலை தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. வாயை மூடினால் சூடு ஏறும். அதற்காக விளிம்பை உள்ளே மடக்கிக்கொண்டு, வெயில் படுகிற இடத்தைக் குறைத்துக்கொள்ளும். அடுத்து வருகிற இலைகள் சின்னதாக, தடிப்பாக, மெழுகு பூசினது மாதிரி வரும். வேர் தண்ணீரைத் தேடிக் கீழே கீழே போகும். இதெல்லாம் ஒரே நாளில் நடக்காது. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் செடி பழகிக்கொள்ளும். தினமும் நிறைய ஊற்றிவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் செத்துப்போகும். இதைக் கண்ணால் காட்டுவதுதான் எங்கள் வேலை.

குளிர்கூட அப்படித்தான். ருதுஜாவின் மாமா நாராயண்காவ் பக்கம் திராட்சை போட்டிருக்கிறார். போன ஜனவரியில் நானும் அவளோடு போயிருந்தேன். பனி கடுமையாகும் என்று தோன்றினால் மாமா தோட்டத்து ஓரத்தில் நெருப்பு மூட்டிப் புகை போடுவார், மண்ணை நனைத்து வைப்பார். ஈர மண் சூட்டைப் பிடித்து வைக்குமாம். "பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிற வரைக்கும் அப்பன் தூங்க மாட்டான், திராட்சை பெட்டியில் ஏறுகிற வரைக்கும் நான் தூங்க மாட்டேன்" என்றார். "நீங்கள் மத்தியானமே தூங்கிவிடுகிறீர்களே மாமா" என்றாள் ருதுஜா. மிஸ்ஸிடம் இதைக் கேட்டபோது, உறைபனியில் இலைக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே இழுக்கப்பட்டு ஐஸாகிவிடுகிறது, குளிரில் சாகிற செடியும் ஒருவகையில் தாகத்தில்தான் சாகிறது என்றார்கள். அதுவும் மெதுமெதுவாகக் குளிர் ஏறினால் செடி உள்ளே சர்க்கரையைச் சேர்த்துக்கொண்டு தாங்குமாம்.

நானும் ருதுஜாவும் ஒரே பாக்கெட் விதையிலிருந்து மிளகாய் நாற்று வளர்த்து, தொட்டிக்கு ஏழெட்டு நாற்றாக, ஆளுக்கு இரண்டு தொட்டி வீட்டில் வைத்துக்கொண்டோம். ஈரத் தொட்டிக்குத் தினமும் தண்ணீர். வறண்ட தொட்டிக்கு நாளாக நாளாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். தீபாவளி லீவு முடிந்ததும் பள்ளிக்குக் கொண்டுவந்து, எல்லாத் தொட்டிக்கும் தண்ணீரை அடியோடு நிறுத்தி, எது தாங்குகிறது என்று பார்ப்பது. அக்டோபரில் மழை நின்றதும் புனேயில் ஒரு வெயில் அடிக்கும், அது எங்களுக்கு வசதியாக இருந்தது. என் தொட்டிகள் இதோ, இந்த டிரை பால்கனியில்தான் இருந்தன. இரண்டும் ஒன்றுபோலத் தளதளவென்று வளர்ந்தன. எனக்குப் பெருமையாக இருந்தது. ஒருநாள் வறண்ட தொட்டியின் மண்மேல் வெள்ளையாக ஆடை மாதிரி ஏதோ படிந்திருந்தது. விரலால் குத்திப் பார்த்தேன். சொதசொதவென்று ஈரம்.

அம்மா தினமும் அரிசி களைந்த தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றுவாள். எங்கள் வீட்டில் அதைச் சிங்க்கில் கொட்டினால் பாவம். கறிவேப்பிலைக்குக் குளிருமே என்று டிசம்பரில் பழைய துண்டைச் சுற்றிவிடுகிறவள் அம்மா. "இதுக்கும் ஊத்தினியாம்மா? ஊத்தக் கூடாதுன்னு எழுதி ஒட்டியிருக்கேன்லா?" என்று கேட்டேன்.

"இங்கிலீஷ்ல ஒட்டியிருந்தா எனக்கெங்கட்டி தெரியும்? வாடிப்போயில்லா கெடந்துச்சு."

"வாடத்தாம்மா வேணும்."

"நல்லாருக்குட்டி நியாயம்! பக்கத்துப் பக்கத்துல ரெண்டு எலையப் போட்டுட்டு, ஒண்ணுல சோறு வச்சு இன்னொண்ணுல வைக்காம போவாங்களா? பந்தி வஞ்சனை செய்யக் கூடாது. அது மனுசனுக்கு மட்டுமில்ல." அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, குரல் இறங்கி, "தப்பாட்டி? மார்க்க கொறச்சிருவாங்களா?" என்றாள்.

நான், "இல்லம்மா, ஒண்ணுமில்ல" என்றேன்.

மகனே, அம்மா செய்தது தப்பில்லை. அவளுக்கு அது ஆராய்ச்சி இல்லை, இலையில் சோறு இல்லாத ஒரு குழந்தை. நான் சொன்ன அந்த "ஒண்ணுமில்ல"தான் தப்பு. மறுநாளே மிஸ்ஸிடம் சொல்லி, புது நாற்று வாங்கித் திரும்ப ஆரம்பித்திருக்கலாம். லீவு வந்துவிட்டதே என்று விட்டேன். அம்மாவிடம் அதன் பிறகு ஊற்றாதே என்றுகூடச் சொல்லவில்லை. பார்க்க அழகாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

ருதுஜா தீபாவளிக்கு மாமா வீட்டுக்குப் போனாள். தொட்டிகளையும் எஸ்.டி. என்கிற அரசு பஸ்ஸில் மடியில் வைத்துத்தான் கொண்டுபோனாள். தினமும் சாயங்காலம் படம் அனுப்பினாள். அவளுடைய வறண்ட தொட்டியில் கீழ் இலைகள் பழுத்து விழுந்திருந்தன, செடி குட்டையாக, கறுப்புப் பச்சையாக இருந்தது. சில நாற்றுகள் செத்தும் போயின. "பயமாக இருக்கிறது, கொஞ்சம் ஊற்றட்டுமா?" என்று ஒருநாள் கேட்டாள். நான், "வேண்டாம், விதிப்படி செய்" என்று பதில் அனுப்பினேன். என் வீட்டில் அரிசித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த தொட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டு அனுப்பினேன். இதை எழுதும்போது என் காது சுடுகிறது.

லீவு முடிந்து மிஸ் எங்கள் இருவரின் வறண்ட தொட்டிகளையும் மேஜைமேல் வைத்தார்கள். என்னுடையதைத் தொட்டுப் பார்த்து, "வாஹ்! இதுதான் வறட்சியைத் தாங்குவது" என்றார்கள். பின் பெஞ்சிலிருந்து ஒருவன் ருதுஜாவின் தொட்டியைக் காட்டி, "ஸ்மஷான்!" என்றான். சுடுகாடாம். எல்லோரும் சிரித்தார்கள். மிஸ்ஸும் சிரித்துக்கொண்டே, "என்ன ருதுஜா, மாமா வீட்டில் லட்டும் சிவ்டாவும் தின்றுகொண்டு செடியை மறந்துவிட்டாயா?" என்றார்கள். "நாஹி மிஸ், நான் தினமும் பார்த்தேன், நீங்கள் சொன்னபடிதான்..." என்று ஆரம்பித்தாள். "சொன்னபடி செய்திருந்தால் அவளுடையது மாதிரி இருந்திருக்கும்" என்று மிஸ் என்னைக் காட்டினார்கள். ருதுஜா திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் தினமும் பார்த்தாள் என்பது எனக்குத் தெரியும், படமெல்லாம் என் ஃபோனில் இருக்கிறது. ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். நான் பென்சிலைச் சீவ ஆரம்பித்தேன். அது ஏற்கனவே கூராக இருந்த பென்சில்.

வேறொரு பள்ளியில் நடக்கும் சயின்ஸ் கண்காட்சிக்கு நான் மட்டும் போவது என்று முடிவானது. ருதுஜாவின் கையெழுத்து அழகு என்பதால் சார்ட் எழுதுகிற வேலையை அவளுக்குக் கொடுத்தார்கள். என் பெயரை மட்டும் மேலே பெரிய எழுத்தில் அவளே எழுதினாள். கண்காட்சி வருகிற சனிக்கிழமை. ரஞ்சன்காவில் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அப்பா, விடியும் முன்னால் கம்பெனி பஸ் ஏறிப் போகிறவர், எனக்காகச் சனிக்கிழமை லீவு சொல்லியிருக்கிறார்.

என் தொட்டியை லேப் ஜன்னலில் வைத்து, தண்ணீரை அடியோடு நிறுத்தினோம். இரண்டு மூன்று நாளிலேயே பிழிந்துபோட்ட துணி மாதிரி தொங்கிவிட்டது. அதற்குத் தாகம் பழக்கமே இல்லை. வேர் மேலேயே சோம்பலாகக் கிடந்தது, வாய்களை மூட அதற்குத் தெரியவே இல்லை. மதிய இடைவேளையில் யாரும் இல்லாதபோது என் வாட்டர் பாட்டிலைக் கவிழ்த்தேன். மறுநாளும் கவிழ்த்தேன். அது அம்மா ஊற்றியது இல்லை, மகனே. அது நான் ஊற்றியது. செடி நிமிர்ந்தது. மிஸ் வந்து பார்த்து எல்லோரையும் கைதட்டச் சொன்னார்கள். ருதுஜாவும் தட்டினாள்.

நேற்று லேபுக்குப் பின்னால் குப்பைக்கூடையில் எதையோ போடப் போனேன். சுவரோரத்தில் ருதுஜாவின் வறண்ட தொட்டி கிடந்தது. தூக்கிப்போடுவதற்காக வைத்து, மறந்துவிட்டிருக்கிறார்கள். இத்தனை வாரமாக ஒருவரும் ஒரு சொட்டு ஊற்றியிருக்க முடியாது; அங்கே குழாயும் இல்லை. காலைக் குளிரும் மத்தியான வெயிலும் நேராக விழும் இடம். மூன்று செடிகள் உயிரோடு இருந்தன. இலைகள் சின்னதாக, விளிம்பை மடக்கிக்கொண்டு, தொட்டால் தோல் மாதிரி இருந்தன. நுனியில் புதுத் தளிர். தொட்டியைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் உள்ள ஓட்டை வழியாக வெள்ளை வேர் வெளியே வந்து, கீழே மண்ணுக்குள் இறங்கியிருந்தது. எங்கள் ப்ராஜெக்ட் முழுக்க, நாங்கள் காட்ட நினைத்தது முழுக்க, அங்கே குப்பைக்கூடைக்குப் பக்கத்தில் சரியாக நடந்து முடிந்திருந்தது. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயம்தான் வந்தது. பார் மகனே, அப்போதும் எனக்கு முதலில் வந்தது பயம்தான்.

இன்று சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் ருதுஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாங்கள் பேசுவது இந்தியும் மராட்டியும் கலந்து, உனக்காகத் தமிழில் எழுதுகிறேன். அவள் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டே கேட்டாள்.

"எப்போதிலிருந்து தெரியும்?"

"தீபாவளிக்கு முன்னாலிருந்து."

"அப்படியென்றால், நான் 'ஊற்றட்டுமா' என்று கேட்டபோது?"

"தெரியும்."

"ஸ்மஷான் என்று கத்தினார்களே, அப்போது?"

"தெரியும். சாரி ருதுஜா. நிஜமாகவே சாரி."

அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. "என்னைப் பார்த்து வகுப்பே சிரித்தது. நீ மட்டும் சைக்கிள் ஸ்டாண்டில் தனியாக வந்து சாரி சொல்கிறாய். நல்ல புத்திசாலி" என்றாள். "நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். நாளைக்கு முதல் பீரியட் சயின்ஸ். நீயே எழுந்து சொல். எல்லோர் முன்னாலும்." சைக்கிளில் ஏறிய பிறகு காலை ஊன்றி நின்று, "ஆன்ட்டி பெயரை இழுக்காதே. ஆன்ட்டி தண்ணீர்தான் ஊற்றினார்கள். பொய் நீதான் சொன்னாய்" என்றாள்.

ராத்திரி அம்மா சனிக்கிழமைக்காக என் யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஊரில் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டாள். "ஏன்ட்டி மொகம் செத்துப்போயி கெடக்கு?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லம்மா" என்றேன், மறுபடியும். உண்மை தெரிந்தால் அவள் என்னைத் திட்ட மாட்டாள். நம்ம ஊத்தின தண்ணிதானே புள்ளைய இப்படிச் செஞ்சிட்டு என்று ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுவாள். அதைத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் அதையே சாக்காக வைத்துக்கொண்டு நாளைக்கும் பேசாமல் இருந்துவிடுவேனோ என்றும் பயமாக இருக்கிறது. அம்மாவுக்காகத்தான் என்று நினைத்துக்கொள்வது எவ்வளவு சுகமாக இருக்கிறது தெரியுமா?

என்னை இதுவரை யாரும் எல்லோர் முன்னாலும் திட்டியதில்லை. கேட்பதற்கு முன்னால் எல்லாம் கிடைத்தது. நான்தான் அந்த ஜன்னல் தொட்டி. சின்னச் சின்ன வெட்கங்களை அப்போதைக்கப்போது பட்டிருந்தால் இன்றைக்குக் கொஞ்சம் தடித்திருப்பேன். ஒவ்வொன்றையும் தள்ளித் தள்ளிப் போட்டு, இப்போது மொத்த வெயிலும் ஒரே நாளில் வருகிறது. அதற்காக, பிள்ளைகளைக் காயப்போட வேண்டும் என்று நான் சொல்வதாக நினைக்காதே. மிஸ் அன்றைக்கு ருதுஜாவை எல்லோர் சிரிப்புக்கும் ஆளாக்கியது பழக்குவது இல்லை, அது உறைபனி. அவள் அதைத் தாங்கினாள் என்பதால் அது நியாயம் ஆகிவிடாது. நீ என்னிடம் வளரும்போது நான் எப்படி இருப்பேனோ தெரியாது. ரொம்பப் பாசமாக இருந்து உன்னைக் கெடுத்தாலும் கெடுப்பேன். நீ ஒரு தப்பை மறைக்க நான் துணைக்கு வந்தால், என் கையைப் பிடித்து நிறுத்து. "போம்மா, இதை நானே சொல்லிக்கொள்கிறேன்" என்று சொல். எனக்குக் கோபம் வரும். பரவாயில்லை.

நாளைக்குச் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். என் வறண்ட தொட்டியில் தண்ணீர் இருந்தது, எனக்குத் தெரியும், நான் மறைத்தேன், லேபில் நானே ஊற்றினேன், ருதுஜா செய்ததுதான் சரி, அவள் தொட்டி பின்னால் உயிரோடு இருக்கிறது. அவ்வளவுதான். மூச்சு விடாமல் சொன்னால் சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் எழுந்து நிற்பதுதான் கஷ்டம். எழுந்துவிட்டால் மிஸ் "என்ன?" என்று கேட்பார்கள், பிறகு ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டும்.

நான் எழுந்து நின்றேனா இல்லையா என்பது இந்தக் கடிதத்தில் இருக்காது. என்னிடம் கேட்டால் நின்றேன் என்றுதான் சொல்வேன், அதற்குள் நான் அம்மா ஆகியிருப்பேன். என்னை நம்பாதே. அம்மாவின் தோழியை இங்கே மாவ்ஷி என்று கூப்பிடுவார்கள். நீ வளர்ந்த வீட்டுக்கு ருதுஜா மாவ்ஷி என்று ஒருத்தி வந்து போயிருந்தால், உன் எதிரிலேயே என்னைக் கேலி செய்திருந்தால், உனக்குப் பதில் தெரியும். நான் சொன்ன பிறகும் அவள் என்னை மன்னிக்காமல் போயிருக்கலாம், அது அவள் இஷ்டம். அப்போதும் அப்படி ஒருத்தி இருந்தாள் என்றாவது உன்னிடம் பேசியிருப்பேன். ஆனால் அந்தப் பெயரையே நீ இங்கேதான் முதல் தடவையாகப் பார்க்கிறாய் என்றால், மகனே, நாளைக்கு நான் உட்கார்ந்தே இருந்துவிட்டேன் என்று தெரிந்துகொள்.